டார்டனஸ் வண்ணத்துப்பூச்சி: ஓர் இனங்காணலின் வரலாறும் அதன் சமூகப் பின்புலமும்

தமிழிலக்கிய வரலாறு பயில்வோர்க்கு 'ஔவையார்' என்னும் பெயர் தரும் இடர்ப்பாடு புதியதன்று. சங்கச் செய்யுள்களைப் பாடிய ஔவையாரும் நீதிநூல்களை இயற்றிய ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர் என்பதை நிறுவுவதற்கு ஆய்வாளர் பெரிதும் முயலவேண்டியிருந்தது. ஒரு பெயரின்கீழ்ப் பலர் மறைந்திருந்தனர். இதற்கு நேர்மாறானதோர் இடர்ப்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் உயிரியலாளர் ஆபிரிக்காவில் எதிர்கொண்டனர். அங்கே பல பெயர்களின்கீழ் ஒரே உயிரினம் மறைந்திருந்தது. சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே மேற்குக் கரையிலிருந்து நாட்டால் வரையும் பரந்து வாழும் பப்பிலியோ டார்டனஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியே அது. அதன் ஆண் எங்குச் சென்றாலும் ஏறத்தாழ ஒரே கோலத்தில் உள்ளது: வெளிர்மஞ்சட் சிறகு, கரிய விளிம்பு, பின்சிறகில் வால். பெண்ணோ ஒரு டசினுக்கும் மேற்பட்ட கோலங்களிற் காணப்படுவது. பெரும்பான்மையான இடங்களில் வாலற்றது. ஆணோடு எவ்வித ஒப்புமையும் அற்றது. ஆணுக்கு ஒரு பெயரும், பெண்களுக்குச் சேனியா, ஹிப்போகூன், ட்ரோபோனியஸ் எனப் பல பெயர்களும் வழங்கப்பட்டு, அவை யாவும் தனித்தனி இனங்களாகவே நூதனசாலைப் பெட்டிகளில் நெடுங்காலம் குத்தி வைக்கப்பட்டிருந்தன.

இவற்றை ஒன்றென இனங்கண்ட வரலாறு விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரியதன்று என்பது எமது கருத்து. பொருள்களுக்குப் பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது, எத்தகைய சமூக உறவுகளினூடாக அவை திரட்டப்பட்டன, எவ்வகைக் கருத்துநிலை அவற்றைக் காணவும் காணாதிருக்கவும் செய்தது ஆகிய வினாக்கள் இலக்கிய ஆய்வாளர் நாள்தோறும் எழுப்புவன. அவ்வினாக்களை ஒரு பூச்சியின் வரலாற்றில் எழுப்புவது விநோதமாகத் தோன்றலாம். ஆயின், எம் மக்கள் பேச்சில் வழங்கும் 'வண்ணாத்திப்பூச்சி' என்னும் சொல்லையும், ஏட்டு வழக்காகிய 'வண்ணத்துப்பூச்சி' என்னும் சொல்லையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, பூச்சியின் பெயரும் சமூகத்துக்குப் புறம்பானதன்று என்பது விளங்கும். தொழில் செய்யும் ஒரு பெண்ணின் பெயர் எழுத்து வழக்கிற் காணாமற்போய், அவ்விடத்தில் வெறும் 'வண்ணம்' வந்து அமர்ந்துள்ளது.

ஐரோப்பியர் வைத்த பெயர்களும் இதற்கு விலக்கல்ல. 1758இல் வெளிவந்த 'இயற்கையின் ஒழுங்கமைப்பு' நூலின் பதிப்பில் லின்னேயஸ் வண்ணத்துப்பூச்சிகளைப் பகுத்த முறை இன்று படிப்போர்க்கு வியப்பூட்டுவது. உச்சியில் குதிரைவீரராகிய பிரபுக்கள். அவர் ட்ரோயர் எனவும் கிரேக்கர் எனவும் இருதிறத்தார். அடுத்து ஹெலிக்கோன் மலைக்குரியோர், டனாவோர், வனதேவதையர். ஈற்றில் 'பாமரர்' என ஒரு வகுப்பு. அப்பாமரரும் நாட்டுப்புறத்தார், நகரத்தார் என இரு கூறாயினர். நிலமானிய அமைப்பு முற்றாக நீங்காத சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஒருவர் பூச்சியுலகிலும் பிரபுக்களையும் பாமரரையும் கண்டாரெனின் அதில் வியப்பில்லை. ட்ரோயரின் மூதாதையாகிய டார்டனஸின் பெயர் ஓர் ஆபிரிக்கப் பூச்சிக்கு வந்துசேர்ந்தது இவ்வழியே. 1776இல் பீட்டர் பிரவுண் என்பார் இலண்டனில் வெளியிட்ட படநூலில் அப்பெயரைச் சூட்டினார். மறுவருடம் ஒல்லாந்தரான கிராமர் அதே பூச்சிக்கு மெரோப்பே எனப் பெயரிட்டார். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மெரோப்பே என்னும் பெயரே வழங்கிற்று. முந்தியது என்ற உரிமையால் டார்டனஸ் பின்னரே நிலைபெற்றது. அடிமை வாணிகம் உச்சத்திலிருந்த காலத்தில் மேற்காபிரிக்கக் கரையிலிருந்து சென்ற கப்பல்களே இப்பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

பெயரிடும் பிரபுக்களின் காலம் கழிந்து, விளக்கம் தேடுவோரின் காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்குகின்றது. விளக்கம் தேடியோர் வேறொரு வர்க்கத்திலிருந்து வந்தனர். ஹென்றி வோல்டர் பேட்ஸ் லெஸ்டர் நகரின் காலுறை வணிகரிடம் தொழில் பயின்றவர். 1848இல் அவரும் வொலஸும் அமேசன் பகுதிக்குச் சென்றபோது, பிடித்த பூச்சிகளை இலண்டன் முகவர் ஒருவர்மூலம் விற்றே வாழ்க்கை நடத்தினர். பண்டமாக விற்பதற்கு ஒரே வகையில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் வேண்டும். அவ்வாறு திரட்டியவருக்கே மாதிரிகளுக்கிடையிலான சிறு வேறுபாடுகளும் எதிர்பாராத ஒப்புமைகளும் புலனாயின. பறவைகள் தின்ன விரும்பாத ஓர் இனத்தின் கோலத்தை, தின்னத்தக்க இன்னோரினம் இயற்கைத் தேர்வினால் பெற்றுள்ளது என்னும் விளக்கத்தைப் பேட்ஸ் 1862இல் அச்சேற்றினார். அதே வருடம் யூன் மாதத்தில் மார்க்ஸ் எங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், டார்வின் விலங்கு தாவரங்களிடையே ஆங்கிலச் சமுதாயத்தையே, அதன் போட்டியோடும் புதிய சந்தைகளோடும், கண்டுகொள்கிறார் என வியந்தமை பலரும் அறிந்தது. அவ்வியப்பிற் கேலி இருந்ததேயன்றி நிராகரிப்பு இருக்கவில்லை. இவ்வேறுபாட்டைக் கருத்தூன்றாதோர் பின்னர் பல தவறான முடிவுகளுக்கு வந்தனர்.

ஆபிரிக்காவில் இவ்விளக்கத்தைப் பொருத்திக் காட்டியவர் றோலண்ட் ட்ரைமன். 1840இல் இலண்டனிற் பிறந்த இவர் 1858 அளவில் நன்னம்பிக்கை முனைக் குடியேற்ற நாட்டை அடைந்து அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞரானார். பின்னர் கேப் டவுணிலுள்ள தென்னாபிரிக்க நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்து 1895இல் ஓய்வு பெற்றார். இவருடைய இளைய சகோதரரே 1880 முதல் 1896 வரை பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளராயிருந்து இலங்கைத் தாவரங்கள் பற்றிய கைந்நூலைத் தொகுத்த ஹென்றி ட்ரைமன். லத்தீன் பெயர்களோடு சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அச்சேற்றிய அந்நூல் இன்றும் எம்மவர்க்குப் பயன்படுவது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இருவர், ஒருவர் ஆபிரிக்காவின் தென்முனையிலும் மற்றவர் கண்டிக்கு அருகிலுமாகப் பேரரசின் இருவேறு கருவூலங்களுக்கு அட்டவணை தயாரித்தனர் எனலாம்.

ட்ரைமன் கேப்பில் இறங்கிய காலத்தை நோக்குதல் வேண்டும். அதற்குச் சற்று முன்னர், 1856–57இல், கிழக்கு எல்லைப்புறத்து சோசா மக்கள் தம் மாடுகளைத் தாமே கொன்றொழித்த பெருந்துயரம் நிகழ்ந்தது. பல பத்தாண்டுகளாக நிகழ்ந்த எல்லைப்புறப் போர்களில் நிலத்தை இழந்து, மாட்டு நோயினாலும் நலிவுற்றிருந்த அம்மக்கள், முன்னோர் மீண்டெழுவர் என்னும் வாக்கை நம்பினர். பல்லாயிரவர் பட்டினியால் மாண்டனர். எஞ்சியோர் வெள்ளையர் பண்ணைகளுக்குக் கூலிகளாயினர். அந்நிலத்திலிருந்துதான் ட்ரைமனுக்குப் பூச்சிகள் வந்துசேர்ந்தன. அவருக்கு மிகுதியான மாதிரிகளை அனுப்பிய ஜேம்ஸ் ஹென்றி பவுக்கர் எல்லைப்புற ஆயுதந்தாங்கிய குதிரைப் பொலிசின் தளபதி. 1868இல் பசுட்டோலாந்து பிரித்தானிய ஆட்சியின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது அங்குச் சென்ற அதிகாரி. 1887க்கும் 1889க்கும் இடையில் ட்ரைமன் வெளியிட்ட மூன்று தொகுதி நூலின் தலைப்புப் பக்கத்தில் பவுக்கரின் பெயரும் உண்டு. பவுக்கரின் சகோதரியாகிய மேரி எலிசபெத் பார்பர் அம்மையாரோ, வேறொரு பப்பிலியோவின் கூட்டுப்புழு சுற்றுப்புறத்துக்கேற்ப நிறம் மாறுவதைத் தாமே அவதானித்து எழுதிய கட்டுரை 1874இல் டார்வின் வாயிலாகவே இலண்டன் பூச்சியியற் கழகத்தை எட்டிற்று. ஆராய்ச்சியிலும் ஆண் ஒரு கோலம், பெண் ஒரு கோலம் போலும்.

1868 மார்ச் மாதம் இலண்டன் லின்னேயன் கழகத்தில் வாசிக்கப்பட்டு அடுத்த வருடம் அச்சான கட்டுரையில் ட்ரைமன் தம் முடிவை முன்வைத்தார். அவருடைய தருக்கமுறை விதந்து கூறத்தக்கது. தென்னாபிரிக்காவில் மெரோப்பே எனப் பெயர்பெற்ற பூச்சிகள் யாவும் ஆண்களாயிருந்தன. சேனியா, ட்ரோபோனியஸ், ஹிப்போகூன் என்னும் பெயரின யாவும் பெண்களாயிருந்தன. பெண்ணில்லா ஓர் இனமும் ஆணில்லா மூன்று இனங்களும் ஒரே காட்டில் ஒரே பருவத்திற் பறந்தன. மூன்று வகைப் பெண்களையும் இணைக்கும் இடைநிலைக் கோலங்களும் ஆங்காங்கே கிடைத்தன. இவற்றுக்கு மேலாக, மடகஸ்காரில் வாழும் நெருங்கிய உறவினமொன்றில் பெண்ணும் ஆணைப்போலவே வாலோடும் மஞ்சள் நிறத்தோடும் இருந்தது. ஆகவே மடகஸ்காரில் எஞ்சியிருப்பது பழைய நிலை. பெருநிலத்தின் பெண்களோ அங்குள்ள நச்சுத்தன்மை வாய்ந்த அமோரிஸ் முதலிய இனங்களின் கோலத்தைப் பின்னர் பெற்றவை என ட்ரைமன் வாதித்தார். பெட்டியிலுள்ள தனிமாதிரியை மற்றொரு தனிமாதிரியோடு ஒப்பிடாது, ஒரு கூட்டத்தை அதன் இடம், காலம், பால்விகிதம் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கியமையே இத்தருக்கத்தின் பலம். பொருள்களை அவற்றின் உறவுகளில் நோக்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அக்கால விஞ்ஞானத்தில் அரிது.

இம்முடிவை வன்மையாக எதிர்த்தவர் வில்லியம் சப்மன் ஹியூயிற்சன். நில அளவையாளராகத் தொழில் தொடங்கி, பிதுரார்ச்சிதச் செல்வத்தால் பெருந்தனவந்தராகி, இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஓட்லண்ட்ஸில் மாளிகை அமைத்து வாழ்ந்தவர். வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிகளை வரைவதில் அக்காலத்தில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஆயின் அப்பூச்சிகள் பறந்த வெப்பவலயக் காட்டை அவர் ஒருபோதும் கண்டதில்லை. ஓர் ஆண் இத்தனை வேறான மனைவியரைக் கொண்ட அந்தப்புரமொன்றை வைத்திருப்பதாக நம்புவதற்குத் தம் கற்பனை இடந்தரவில்லை என்ற கருத்துப்பட அவர் எள்ளிநகையாடினார். இது தனிமனிதரின் பிடிவாதம் மட்டுமன்று. சேகரிப்பாளருக்கு ஒவ்வொரு கோலமும் ஓர் உடைமை; ஒவ்வோர் உடைமைக்கும் தனிப்பெயர் வேண்டும். மூன்று இனங்கள் ஒன்றெனின் பெட்டியின் மதிப்பே குறையும். உயிருள்ள இயக்கத்தை உயிரற்ற பண்டமாக உறையச்செய்து, பின் அப்பண்டத்தையே உண்மையெனக் கொள்ளும் நோக்கு இது. அந்தப்புரம் என்ற உவமை, விக்டோரியா காலத்துக் கனவான்கள் கீழைத்தேயத்தைப் பற்றிக் கொண்டிருந்த கற்பனையிலிருந்து வந்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

சான்று விரைவிலேயே வந்தது. அதுவும் ஹியூயிற்சனின் செலவிலேயே வந்தது. இன்று பியோக்கோ என வழங்கும் பெர்னாண்டோ போ தீவில் அவருக்காகப் பூச்சி திரட்டிய றொஜர்ஸ் என்பவர், இணைசேர்ந்திருந்த நிலையில் அகப்பட்ட மெரோப்பே ஆணையும் ஹிப்போகூன் பெண்ணையும் அனுப்பிவைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் கேப் கிழக்கெல்லையில் வாழ்ந்த மான்சல் வீல் என்பவர் ஒரேமாதிரியான குடம்பிகளைத் திரட்டி வளர்த்து, அவற்றிலிருந்து மெரோப்பே ஆண்களையும் வெவ்வேறு கோலப் பெண்களையும் பெற்றார். இம்முடிவுகளை ட்ரைமன் 1874இல் வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேர்பனில் லீ என்பார் ஒரு பெண்ணின் முட்டைகளிலிருந்தே பல்வகைப் பெண்களை வளர்த்தெடுத்தபோது ஐயத்துக்கு எவ்வித இடமும் எஞ்சவில்லை. 1860இலிருந்து தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு கரும்புத் தோட்டங்களாக மாற்றப்பட்டுவந்த கரையோரமே அந்நாட்டால் பிரதேசம். காடு குறைந்த வேகமும் காட்டுப் பூச்சிபற்றிய அறிவு பெருகிய வேகமும் ஒரே பொருளாதாரத்தின் இரு பக்கங்களாகும்.

போலித்தோற்றம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். ட்ரோபோனியஸ் என்னும் பெண் பின்பற்றுவது டனாவுஸ் கிரிசிப்பஸ் என்னும் இனத்தை. செம்மஞ்சட் சிறகும் கரிய முனையில் வெண்புள்ளிகளும் கொண்ட இப்பூச்சி ஆபிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து வெளிகளிலும் தெருவோரங்களிலும் எருக்கலைச் செடியில் வரிவரியாக மேயும் குடம்பி இதனுடையதே. எருக்கலை இனச் செடிகளின் பாலிலுள்ள நஞ்சை உடலிற் சேர்த்துவைப்பதால் இப்பூச்சி பறவைகளுக்கு ஒவ்வாதது; ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அக்கோலத்தைத் தவிர்க்கும். நஞ்சற்ற ட்ரோபோனியஸ் பெண் அத்தவிர்ப்பிற் பங்கு கொள்கின்றது. ஆயின் இப்பங்குக்கு ஓர் எல்லையுண்டு. நல்ல நாணயம் மிகுந்துள்ள சந்தையில் கள்ள நாணயம் செல்லும்; கள்ள நாணயம் மிகுமாயின் யாரும் எதனையும் வாங்கார். போலி மிகுந்துவிடின் பறவைகள் அக்கோலத்தை உண்ணத்தக்கது எனக் கற்றுக்கொள்ளும். எனவே ஒரே கோலத்தைப் பின்பற்றுவதைவிடப் பல கோலங்களைப் பின்பற்றுவது அவ்வினத்துக்கு நன்மையாகின்றது. ஒரே காட்டில் டார்டனஸின் பெண்கள் பலவாறாயிருப்பதன் காரணம் இதுவே. போலியின் பெறுமதி அதனுள் இல்லை. போலிக்கும் மூலத்துக்கும் பறவைக்கும் இடையிலான விகிதத்தில் உள்ளது.

இவ்விகிதத்தைக் களத்தில் நேரே காட்டியது உகண்டாவில் நிகழ்ந்த ஆய்வு. அதன் பின்புலம் நம்மைச் சற்றுத் தரித்து நிற்கச் செய்வது. 1900 அளவில் விக்டோரியா ஏரியின் வடகரையில் உறக்கநோய் பரவிற்று. இரண்டு பத்தாண்டுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1890களில் மாட்டுக் கொள்ளைநோய், படையெடுப்பு, உணவுப் பஞ்சம் ஆகியவற்றால் பழைய வாழ்க்கையமைப்பு குலைந்தமையே இத்தகைய பேரழிவுக்கு வழிவகுத்தது என்பதை, குடியேற்ற ஆட்சியின் செற்சி ஈக் கட்டுப்பாட்டுச் சேவையில் பணியாற்றிய ஜோன் போர்ட் என்னும் பூச்சியியலாளர் 1971இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதித்துள்ளார். ஆபிரிக்க மக்கள் தம் நிலப்பயன்பாட்டின்மூலம் நோயைத் தம் எல்லைக்குள் அடக்கி வைத்திருந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. நோய் பரவியபின் அரசு செய்த நடவடிக்கை, கரையோர மக்களையும் பின்னர் தீவுகளின் மக்களையும் அகற்றுவதாயிருந்தது. 1909 அளவில் செசே முதலிய தீவுகள் வெறுமையாக்கப்பட்டன. முதலாம் உலகப்போர் முடிந்த பின்னரே மக்கள் அங்கு மீள அனுமதிக்கப்பட்டனர்.

வெறுமையாக்கப்பட்ட இத்தீவுகளுக்குத்தான் ஹேல் காப்பென்ரர் என்னும் இளம் மருத்துவர் 1910க்குப் பின்னர் செற்சி ஈக்களை ஆராய அனுப்பப்பட்டார். ஈக்களைப் பிடித்தோர் அவ்வேலைக்கென அமர்த்தப்பட்ட ஆபிரிக்கர். ஓய்வு நேரத்தில் காப்பென்ரர் வண்ணத்துப்பூச்சிகளைத் திரட்டினார். அவர் கருத்தைக் கவர்ந்தது டார்டனஸ் அன்று. சூடாக்ரேயா யூரிற்றஸ் என்னும் வேறோர் இனம். இதன் கதையும் டார்டனஸின் கதையை ஒத்ததே: பல கோலங்கள் தனித்தனிப் பெயர் பெற்றிருந்தன, அவற்றுள் ஒன்று ஹொப்லி என்னும் ஆட்சி அதிகாரியின் பெயரைத் தாங்கியிருந்தது, கார்ல் ஜோர்டன் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை ஆராய்ந்து அவை யாவும் ஒன்றே எனக் காட்டினார். பெருநிலத்தில் என்ரெபே அருகே மூலங்கள் மிகுதி. அங்கே போலிகள் தெளிவான கோலத்தின. தீவுகளிலோ மூலங்கள் அரிது; அங்கே போலிகளின் கோலம் சிதைந்து, இடைநிலை வடிவங்கள் மலிந்திருந்தன. மூலம் இல்லாதவிடத்துத் தேர்வு தளர்கின்றது. இயற்கைத் தேர்வின் செயற்பாட்டுக்கு இதுபோன்ற தெளிவான களச்சான்று அதுவரை கிடைத்ததில்லை.

மக்கள் அகற்றப்பட்ட தீவில் ஓர் உண்மை கண்டறியப்பட்டது. இதனை எவ்வாறு மதிப்பிடுவது? எமது முற்போக்கு நண்பர் சிலர், குடியேற்ற ஆட்சியின் துணையோடு பெறப்பட்ட அறிவு யாவும் குடியேற்ற ஆட்சியின் கருத்துநிலையே என ஒரே மூச்சில் ஒதுக்குவர். வேறு சிலர் அறிவு தூயது, அது பெறப்பட்ட விதம் வரலாற்றாசிரியனின் பொழுதுபோக்கு என்பர். இரண்டும் உண்மையைத் தவறவிடுகின்றன. சூடாக்ரேயாவின் கோலம் தீவில் சிதைந்திருந்தமை ஆட்சியாளர் விருப்பத்தால் ஆனதன்று. யார் சென்று பார்த்திருப்பினும் அது அவ்வாறே இருந்திருக்கும். ஆயின் யார் சென்று பார்த்தார், யார் பார்க்க இயலாமற் போனார், எவ்வினா கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பன ஆட்சியால் தீர்மானிக்கப்பட்டன. மூலங்களும் போலிகளும் தீவுக்குத் தீவு எண்ணப்பட்ட அதே வருடங்களில், அகற்றப்பட்ட மனிதர் தம் நிலத்தோடும் மாட்டோடும் ஈயோடும் கொண்டிருந்த விகிதம் ஆய்வுப் பொருளாகவில்லை. அவ்வினாவை எழுப்ப 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உகண்டாவில் திரட்டப்பட்டவை ஒக்ஸ்போர்டுக்குச் சென்றன. 1893 முதல் 1933 வரை அங்குப் பேராசிரியராயிருந்த பூல்ற்றன், ஆபிரிக்காவெங்கும் பரந்திருந்த மருத்துவர், பாதிரிமார், தோட்டக்காரர், அதிகாரிகள் ஆகியோரோடு கடிதத் தொடர்பு வைத்து டார்டனஸ் குடும்பங்களை வளர்ப்பித்தார். 1924இல் கிழக்காபிரிக்க இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையொன்றில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, உலகிலேயே மிகச் சுவையான வண்ணத்துப்பூச்சி என இதனைப் போற்றுவது. பறவைகளுக்குப் பூச்சிகளை ஊட்டிப் பரிசோதித்த சுவின்னேற்றன், மேற்காபிரிக்காவிற் குடம்பி வளர்த்த லம்போர்ன் எனப் பெயர்கள் நீளும். ஈண்டு அவை விரிக்கப்படவில்லை.

கோட்பாட்டுத் தளத்தில் எழுந்த விவாதமே நமக்கு முக்கியமானது. இத்தனை நுட்பமான போலித்தோற்றம் ஒரே பாய்ச்சலில் தோன்றிற்றா, அன்றிச் சிறுகச்சிறுகத் திரண்டதா? இவ்விவாதத்தில் இலங்கைக்கும் இடமுண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பணற், இலங்கை வண்ணத்துப்பூச்சிகளை அவதானித்து 1910இல் 'ஸ்பொலியா செய்லானிக்கா'வில் எழுதினார். அவரைத் தொடர்ந்து பிரையர் என்பவர் இங்கு வந்து, தேசியிலும் கறிவேப்பிலையிலும் வளரும் பப்பிலியோ பொலிற்றெஸ் என்னும் இனத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். ஆணைப்போன்ற பெண், ஈச்சுரமூலியை உண்ணும் இரு நச்சினங்களைப் போன்ற இரு பெண்கள் என இதற்கு மூன்று பெண்வடிவங்கள் இருப்பதை வொலஸ் 1860களிலேயே காட்டியிருந்தார். மென்டலின் விதிப்படி செல்லும் இரண்டே காரணிகள் இம்மூன்றையும் தீர்மானிக்கின்றன என்பது பிரையரின் முடிவு. இதனைக்கொண்டு பணற் 1915இல் வெளியிட்ட நூலில், கோலம் ஒரே பாய்ச்சலில் முழுமையாகத் தோன்றியதென்றும், தேர்வு அதனைக் காத்ததேயன்றி ஆக்கவில்லையென்றும் வாதித்தார். 1927இல் பிஷர் அதனை மறுத்தார். பரம்பரையலகு ஒன்று இன்று ஓர் ஆளியைப்போலச் செயற்படுகின்றது என்பதால், அவ்வாளி திறக்கும் கோலம் முழுவதும் ஒரே நாளில் உருவாயிற்று என்பது பெறப்படாது என அவர் சுட்டினார்.

இவ்வாதத்தைப் பரிசோதனையால் தீர்க்க முயன்றோர் லிவர்பூல் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் சிறில் கிளார்க்கும் பிறப்புரிமையியலாளர் பிலிப் ஷெப்பர்டும் ஆவர். 1950களின் இறுதியிலிருந்து ஆபிரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் டார்டனஸைத் தருவித்துக் கையால் இணைசேர்த்து வளர்த்தனர். ஒரே பிரதேசத்துப் பெண்வடிவங்களைக் கலந்தபோது வழித்தோன்றல்கள் ஏதாவதொரு கோலத்தைத் தெளிவாகப் பெற்றன, இடைநிலைகள் அரிது. தொலைவான பிரதேசங்களின் வடிவங்களைக் கலந்தபோதோ கோலம் குலைந்தது. போலி போலியாகவும் அமையாது ஆணாகவும் அமையாது நின்றது. மடகஸ்கார் இனத்தோடு கலந்தபோது இக்குலைவு நன்கு தெரிந்தது. ஆளி ஒன்றே. ஆயின் அதன் விளைவைச் செம்மைப்படுத்தும் சிறு பரம்பரையலகுகள் ஒவ்வொரு பிரதேசத்திலும் அங்குள்ள மூலத்துக்கேற்பத் தனித்தனியே திரண்டுள்ளன. எதியோப்பியாவில் போலிப் பெண்களுக்கும் வால் உண்டு. வாலைத் தீர்மானிக்கும் அலகு வேறானது என்பதும் இவ்வாறே அறியப்பட்டது. முதலிற் பெருமாற்றம், பின்னர் சிறுமாற்றங்களின் நீண்ட திரட்சி என்னும் விளக்கம் இதனால் வலுப்பெற்றது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு இது சான்றென்று துள்ளிக் குதிப்போர் உளர். நாம் அவ்வாறு செய்யத் தயங்குகின்றோம். இங்கே வரிசை தலைகீழாயுள்ளது: பண்பு மாற்றம் முந்திற்று, அளவு மாற்றம் பிந்திற்று. சூத்திரத்தை முன்னரே கையில் வைத்துக்கொண்டு இயற்கையிடம் செல்வோர்க்கு ஹியூயிற்சனின் பெட்டிக்கும் தம் சூத்திரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. இயங்கியல் இங்கு விளங்கவேண்டின், ஆளியும் செம்மைப்படுத்தும் அலகுகளும் மூலத்தின் தொகையும் பறவையின் நினைவும் ஒன்றையொன்று தீர்மானித்த வரலாற்றை அதன் குறித்த வடிவிலேயே எழுதிக்காட்டல் வேண்டும்.

கிளார்க்கின் ஆய்வுக்கு எதிர்பாராத பயனொன்றும் விளைந்தது. வண்ணத்துப்பூச்சியிற் பல பண்புகள் ஒரே தொகுதியாக நெருங்கிப் பிணைந்து பரம்பரையாக வருவதைக் கண்ட அவர், மனிதரின் றீசஸ் இரத்த வகையிலும் அத்தகைய பிணைப்பு இருக்கலாம் என்ற ஒப்புமையால் அவ்விரத்த வகையை ஆராயத் தொடங்கினார். றீசஸ் எதிர்வகைத் தாய்மாரின் குழந்தைகளை அழிக்கும் இரத்தச் சிதைவு நோயைத் தடுக்கும் ஊசிமருந்து 1960களில் அவருடைய லிவர்பூல் குழுவினரிடமிருந்தும், தனித்து முயன்ற அமெரிக்கக் குழுவொன்றிடமிருந்தும் உருவாயிற்று. வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியைச் செல்வரின் பொழுதுபோக்கென நகைப்போர்க்கு இவ்வொரு செய்தி போதும்.

அண்மைக் காலத்தில் ஆய்வு மூலக்கூற்றுத் தளத்துக்குச் சென்றுள்ளது. டார்டனஸின் ஆளி, பூச்சி உடலின் பகுதிகளை வகுப்பதிற் பங்குகொள்ளும் என்கிரெய்ல்ட், இன்வெக்டட் என்னும் இரு பரம்பரையலகுகளை அடுத்துள்ளது என்பது 2008இல் வெளியாயிற்று. 2014இல் வந்த ஆய்வு, ஒரு வடிவத்திலேனும் அப்பகுதியின் ஒழுங்கு தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் காட்டிற்று. அதே வருடம், பிரையர் இலங்கையில் வளர்த்த பொலிற்றெஸ் இனத்தின் ஆளி டபிள்செக்ஸ் என்னும் அலகு என நிறுவப்பட்டது. டபிள்செக்ஸ் ஆண்பெண் வேறுபாட்டையே தீர்மானிக்கும் அலகு. ஆகவே பொலிற்றெஸில் பெண் மட்டும் கோலம் மாறுவது எளிதில் விளங்குகின்றது. டார்டனஸிலோ ஆளியாயிருப்பது பாலோடு நேர்த்தொடர்பற்ற அலகு. ஓர் ஆணுக்கு இத்தனை வேறான பெண்கள் எவ்வாறு இருக்க இயலும் என்பது ஹியூயிற்சனின் வினா. இன்று வினா திரும்பியுள்ளது: அதே அலகுகளை மகளுக்குக் கையளிக்கும் ஆண், தான்மட்டும் அவற்றின் செயலுக்கு ஆளாகாது, மஞ்சட் சிறகோடும் வாலோடும் சியரா லியோனிலிருந்து நாட்டால் வரை மாறாது நிற்பது எவ்வாறு?